பலகை எழுத்தும் மூலக்கோப்பும்

வவுனியாவின் பம்பைமடுவில் கணினி விஞ்ஞானம் படிக்கும் ஒருத்தி ஓய்வு நேரத்திலும் கணினிக்கு முன்னால்தான் இருப்பாள் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியானதே. ஆயினும் அந்த நேரத்தில் என் திரையை எட்டிப் பார்ப்பவர்களுக்கு அது படிப்போடு சம்பந்தப்பட்ட வேலையாகத் தெரிவதில்லை. கடைப் பலகைகளில் தூரிகையால் எழுதப்பட்ட எழுத்துகளைப் படம் பிடித்து, அவற்றைக் கோடு கோடாகத் திரும்ப வரைந்து, எழுத்துரு ஆக்குகிறேன். இடையிடையே பைதன் மொழியில் கணினி நிரல் எழுதி, புள்ளிகளைச் சுற்றிக் கோட்டைப் பின்னும் சிக்குக் கோலம் போடுவிக்கிறேன். கூத்து மத்தளத்தின் ஒலியைக் கைத்தொலைபேசியில் பதிந்து துண்டு துண்டாக வெட்டி அடுக்கி வைக்கிறேன். இவற்றையெல்லாம் இணையத்தில் பகிர்ந்தும் வருகிறேன். பகிர்வதில் எனக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. முடிந்த படத்தை மட்டும் போட மாட்டேன். அதை வேறொருவர் திறந்து, பிரித்து, மாற்றக்கூடிய மூலக்கோப்பையும் சேர்த்தே போடுவேன். அந்தப் பிடிவாதம் இப்போது என்னை ஒரு புதிய வேலையில் மாட்டிவிட்டிருக்கிறது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முதலில் பலகைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2021 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்து, பிறகு தனிப் பல்கலைக்கழகமான இடத்தில் நான் படிக்கிறேன். வீடு முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில். ஏ9 வீதியில் மாங்குளம் வரை வந்து, சந்தியில் கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டான் வழியாகப் போக வேண்டும். காடும் வயலும் மாறி மாறி வரும் அந்தப் பாதையில் ஆட்கள் கூடும் இடமெல்லாம் நாலைந்து கடைகள் இருக்கும். அவற்றின் நெற்றியிலும் பக்கச் சுவரிலும் எழுத்து இருக்கும். ‘ரயர் ரியூப் ஒட்டப்படும்’, ‘இவ்விடம் நெல் குற்றித் தரப்படும்’, இன்னாருடைய ஸ்ரோர்ஸ், இன்னாருடைய சலூன். பேருந்தில் யன்னல் ஓரம் கிடைத்தால் நான் வாசிப்பது இவற்றைத்தான்.

எங்கள் பக்கத்தில், போர் முடிந்த 2009க்கு முந்திய பலகை ஒன்றைக் காண்பது மிக அரிது. கடையே இல்லாமற்போன இடத்தில் பலகை எங்கே இருக்கும்? மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, தகரக் கொட்டில்களாகத் தொடங்கிய கடைகளுக்கு, தூரிகை பிடிக்கத் தெரிந்த சிலர் ஊர் ஊராக வந்து மறுபடி பெயர் எழுதினார்கள். நான் அப்போது தரம் ஒன்று, இரண்டு படிக்கும் பிள்ளை. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியதில் பாதி பாடப்புத்தகத்தில் என்றால் மீதி அந்தத் தகரங்களில்தான். இன்று அவற்றின் மேலேயே பிளெக்ஸ் விரிப்பை ஆணியடித்து மூடுகிறார்கள். பிளெக்ஸ் மலிவு, விரைவு, கடைக்காரரின் படமும் சாமான்களின் படமும் சேர்த்து வரும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எந்த ஊர்ப் பிளெக்ஸைப் பார்த்தாலும் எழுத்து ஒன்றுபோலவே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லத்தான் வேண்டும். அச்சடிக்கும் இடங்களில் பலவற்றில் இன்னமும் பாமினி வகை எழுத்துருக்களே புழங்குகின்றன. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குடியிருக்கின்றன. ‘கே’ விசையை அழுத்தினால் ‘ம’ வரும், ‘ஜே’ விசையை அழுத்தினால் ‘த’ வரும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல்லே பொருளற்ற ஆங்கிலக் கூட்டாகக் காட்சி தரும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியேற்றமான யுனிகோட் தமிழுக்கென்று 128 இடங்களை ஒதுக்கி மூன்று தசாப்தங்களுக்கு மேலாகியும் நிலைமை இதுதான். பழகிய கை பழகிய விசையையே தேடும் என்பதோடு, பலகைக்கு ஏற்ற தடித்த, அழகான யுனிகோட் எழுத்துரு குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கிய ‘கவிவனார்’, ‘பவனம்’ ஆகிய எழுத்துருக்கள் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைப்பதைக் கண்ட அன்றுதான், எழுத்துரு என்பது எங்கோ ஒரு பெருநிறுவனம் செய்து அனுப்பும் பொருளன்று, நம்மைப் போன்ற ஒருவர் மேசையில் இருந்து வரையக்கூடியது என்ற எண்ணமே எனக்கு வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பலகை எழுதும் ஐயா ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் ஐயா என்றே எழுதுகிறேன். அவர் எழுதிய பலகையொன்றைக் கடை வாசலில் நின்று நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் சைக்கிளை நிறுத்திவிட்டு, “என்ன பிள்ளை, உதைப் போய்ப் படம் எடுக்கிறீர்? கடைக்குள்ள சாமான் கிடக்கு, அதை எடும்” என்றார். எழுதியவர் தாம்தான் என்று சொல்லாமலே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு நின்றார். நான் ‘ழ’வைப் புகழ்ந்ததும் தாங்க முடியாமல் சொல்லிவிட்டார்.

அவர் எழுதும் முறையைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகுதான் என் வரைதல் உருப்பட்டது. முதலில் நூலில் சோக்குத் தூளைப் பூசி, இரு முனையையும் இழுத்துப் பிடித்துச் சுண்டி, மேலும் கீழும் இரண்டு கோடுகளைப் பலகையில் பதிப்பார். பிறகு பெயரை விரலால் காற்றில் எழுதிப் பார்ப்பார். ‘ண’வுக்கு ஒன்றரை இடம், ‘ர’வுக்கும் காலுக்கும் அரை இடம், மற்றவற்றுக்கு ஒன்று என்று மனத்தில் கூட்டிக்கொண்டு, நடுவில் வரவேண்டிய எழுத்தைக் கண்டுபிடித்து அங்கே சோக்கால் ஒரு சிறு கீறல் இடுவார். எழுத்துகளுக்கு இடையிலான வெளியைச் சோடி சோடியாகச் சரிசெய்வதை எழுத்துருக் கலையில் ஒரு தனித் துறையாகவே படிக்கிறார்கள். ஐயா அதை விரல் நுனியில் வைத்திருக்கிறார். பட்டைத் தூரிகையைப் பிடிக்கும் சாய்வை ஒரு சொல் முடியும்வரை மாற்ற மாட்டார். அதனால்தான் அவருடைய எழுத்தில் நிமிர்ந்த கோடு தடித்தும், வளைவு திரும்பும் இடம் மெலிந்தும், அந்த மெலிவு எல்லா எழுத்திலும் ஒரே திசையிலும் வருகிறது. மெய்யெழுத்தின் புள்ளி அவரிடம் வட்டமாக இராது. தூரிகையைச் சற்றே சாய்த்து ஒருமுறை வைத்து எடுப்பார்; ஒரு சாய்சதுரம் விழும். அதையும் எழுத்தின் நட்டநடுவில் வைக்க மாட்டார். ‘ண்’ போன்ற அகலமான எழுத்துகளில் வலப்பக்கம் சற்றுத் தள்ளியே வைப்பார். ஏன் என்று கேட்டதற்கு, “நடுவில வைச்சா எழுத்து இடப்பக்கம் சாயிற மாதிரிக் கண்ணுக்குத் தெரியும், பிள்ளை” என்றார். என் கோப்பில் ஒவ்வொரு மெய்க்கும் புள்ளி ஒட்டும் இடத்தைத் தனித்தனியாகக் குறிக்க வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

படத்தை ஜிம்ப்பில் நேராக்கி, இங்க்ஸ்கேப்பில் விளிம்பு வரைந்து, ஃபொண்ட்ஃபோர்ஜில் எழுத்துருவாகச் சேர்க்கிறேன். மூன்றும் இலவச மென்பொருள்கள், மூன்றும் என் பழைய மடிக்கணினியிலேயே ஓடும். படத்தை மென்பொருளே தானாக விளிம்பு பிடிக்கும் வசதியும் உண்டு. ஆனால் அது வண்ணப்பூச்சு வழிந்த இடம், தகரத்தின் துரு, ஆணியின் தலை எல்லாவற்றையும் எழுத்தின் பகுதியாக நம்பி, ஒரு ‘க’வுக்கு நூற்றுக்கணக்கான புள்ளிகளை இட்டுவிடும். கையால் வரையும்போது வளைவின் உச்சியிலும் அடியிலும் இரு பக்கத்தின் எல்லையிலும் மட்டும் புள்ளி வைத்தால் போதும். மீதியை, புள்ளிகளுக்கு இடையே கோட்டைக் கணித்து வளைக்கும் பெசியே வளைவு பார்த்துக்கொள்ளும். குறைந்த புள்ளியில் வரைந்த எழுத்தே பெரிதாக்கினாலும் கெடாது, பிறர் திறந்து திருத்தவும் இலகுவாயிருக்கும்.

தமிழுக்கு எழுத்து 247 என்று கேட்டு மலைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அத்தனையையும் வரைய வேண்டியதில்லை. கால், கொம்பு, புள்ளி போன்றவற்றை ஒருமுறை வரைந்தால் எல்லா மெய்க்கும் பொருந்தும். உண்மையான வேலை உகர, ஊகார உயிர்மெய்களில் இருக்கிறது. 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 வடிவங்கள். இவை மூன்று குடும்பங்களாகப் பிரிகின்றன என்பதைப் பாடசாலையில் எவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ஙு, சு, பு, யு, வு ஆகியவை கீழே ஒரு கோட்டை இறக்குகின்றன. ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகியவை வலப்பக்கம் சுழித்து ஏறுகின்றன. கு, டு, மு, ரு, ழு, ளு ஆகிய ஆறும் தத்தம் போக்கில் வளைகின்றன. ஐயாவின் பலகைகளில் ‘து’வும் ‘கு’வும் ‘மு’வும் வேண்டிய மட்டும் கிடைத்தன. ‘ஙு’வுக்கு நான் எந்தக் கடைக்குப் போவது? ‘ஔ’வும் எந்தச் சந்தியிலும் இல்லை. அவற்றை அவரிடம் கடதாசியில் எழுதித் தரும்படி கேட்டேன். ‘ஙு’வை எழுதிவிட்டு, “இதை ஆர் வாசிக்கிறது?” என்று அவரே சிரித்தார்.

கிரந்த எழுத்துகளில் நிலைமை நேர்மாறானது. ‘ஸ்ரோர்ஸ்’ என்ற ஒரு சொல்லில் மட்டும் ‘ஸ்’ இரு தடவை வருகிறது; ஐயா எழுதிய எந்த ‘ஸ்ரோர்ஸ்’ பலகையிலும் முதல் ‘ஸ்’ஸும் கடைசி ‘ஸ்’ஸும் ஒன்றுபோல் இல்லை. கடைசியில் வருவதன் வாலை இடம் இருந்தால் நீட்டுவார், இல்லாவிட்டால் மடக்குவார். எழுத்துருவில் ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்களை வைத்து, அது சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாற்றிக் காட்டும்படி விதி எழுத ஓப்பன்டைப் என்ற எழுத்துருத் தொழில்நுட்பத்தில் வழி உண்டு. அந்த விதிகளை எழுதும்போதுதான் என் பொழுதுபோக்கும் என் படிப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. ‘கொ’ என்ற எழுத்து நினைவகத்தில் ‘க’வும் ஒகரக் குறியுமாக இந்த வரிசையில் இருக்கும், திரையில் காட்டும்போதோ அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை ‘க’வுக்கு முன்னாலும் மறு பாதியைப் பின்னாலும் வைக்க வேண்டும். ஆண்ட்ரோய்டிலும் ஃபயர்ஃபொக்ஸிலும் குரோமிலும் அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல இயந்திரம். அதன் மூலநிரலைத் திறந்து, தமிழுக்கான பகுதி எங்கே இருக்கிறது என்று தேடிப் படித்த இரவுகள், ஆங்கிலத்தில் நடக்கும் எங்கள் விரிவுரைகள் பலவற்றைவிட எனக்குக் கூடுதலாகக் கற்றுத் தந்தன. விரிவுரையாளர்கள் இதை வாசித்தால் மன்னிப்பார்களாக.

ஐயாவின் கோயிற் பலகைகளில் இன்னொரு சங்கதியும் உண்டு. ‘லை’, ‘ளை’, ‘ணை’, ‘னை’ ஆகியவற்றை அவர் யானைத் துதிக்கை போல மேலே சுழித்து இறங்கும் பழைய வடிவத்தில் எழுதுவார். கடைப் பலகையில் அதே எழுத்துகளை இன்றைய இணைக்கொம்போடு எழுதுவார். தமிழ்நாட்டு அரசு 1978 இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட பின்னர் பழைய வடிவங்கள் மெல்ல மெல்லப் பாடநூல்களிலிருந்து மறைந்தன. கோயிலுக்கு மட்டும் அவை இன்னும் பொருத்தம் என்பது ஐயாவின் தீர்ப்பு. யுனிகோட்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே குறியேற்றம்தான், வடிவம் எழுத்துருவின் பொறுப்பு. ஆகவே இரண்டையும் வரைந்து, பழையதை விரும்புகிறவர் ஒரு தெரிவை இயக்கினால் வரும்படி வைத்திருக்கிறேன். பழைய வடிவங்களின் விகிதத்தைச் சரிபார்க்க, 2005 இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் ஏற்றப்பட்ட பழைய யாழ்ப்பாணப் பதிப்புகளைப் புரட்டினேன். 1841 இல் ‘உதயதாரகை’ பத்திரிகையைத் தொடங்கிய நாட்டில் ஈய அச்செழுத்துக்குப் பஞ்சமில்லை. அந்தப் பக்கங்களை நான் வாசித்தேன் என்று சொன்னால் பொய்யாகும், எழுத்துகளைப் பார்த்தேன்.

“இவ்வளவு பாடுபடாமல் ஏஐயிட்டக் குடுத்தாச் செய்து தராதோ?” என்று விடுதியில் கேட்பார்கள். இயந்திரக் கற்றலை ஒரு பாடமாகப் படிப்பவள் என்ற வகையில் எனக்கு அந்தக் கேள்வியில் கோபமில்லை. படம் உருவாக்கும் மாதிரிகளிடம் தமிழ்ப் பலகை கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தூரத்திலிருந்து தமிழ்போல் தெரியும், கிட்டப் போனால் எந்த எழுத்தும் இராது. அது நாளை சரியாகிவிடலாம். அப்போதும் அது தரப்போவது ஒரு படம். புள்ளி ஏன் வலப்பக்கம் நகர்ந்தது என்பதற்கான காரணம் அந்தப் படத்துக்குள் இருக்காது. எனக்கு வேண்டியது காரணம்தான்.

கோலத்துக்குப் போனதும் அதே ஆசையால்தான். சிக்குக் கோலம் எங்கள் வீட்டு முற்றத்தில் வழக்கமில்லை. பொங்கலுக்குச் சாணமிட்டு மெழுகி, அரிசிமாவால் சதுரம் சதுரமாகக் கோடிழுத்து, நடுவில் அடுப்புக் கல் வைப்பதோடு அம்மாவின் கோலம் முடிந்துவிடும். சிக்குக் கோலத்தை நான் சந்தித்தது தானியங்கிக் கோட்பாட்டுப் பாடத்தின் வழியாக. மொழியியலாளர் சொம்ஸ்கியின் இலக்கண வகைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974 இல் கோலங்களையும், கட்டங்களில் அமையும் வடிவங்களுக்கான அணி இலக்கணங்களையும் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள் என்று கண்டேன். சொற்றொடரை விதிகளால் பிறப்பிப்பதுபோல, சதுரக் கட்டங்களில் அமைந்த ஒரு வடிவத்தையும் பதிலீட்டு விதிகளால் பிறப்பிக்கலாம். கோலம் அதற்கு வாய்ப்பான பொருள். முற்றத்துப் பெண்கள் கைப்பழக்கமாக அறிந்திருந்த ஒன்று கணினி விஞ்ஞானத்தின் கோட்பாட்டு நூல்களுக்குள் அவ்வாறு போயிருக்கிறது.

நான் எழுதிய நிரல் அவ்வளவு ஆழமானதன்று. கிடை வரிசையும் நெடு வரிசையுமாகப் புள்ளிகளை இட்டு, அவற்றைச் சுற்றிச் சாய்வாகப் போகும் கோடு விளிம்பில் மோதித் திரும்பும்படி செய்கிறது. அதில் ஒரு வியப்பு இருக்கிறது. செவ்வகமாக அடுக்கிய புள்ளிகளை இப்படிச் சுற்றி வந்தால், கோலம் முழுவதும் எத்தனை தனிக் கோடுகளால் ஆனது என்பதை வரையாமலே சொல்லிவிடலாம். கிடை வரிசைகளின் எண்ணிக்கைக்கும் நெடு வரிசைகளின் எண்ணிக்கைக்கும் பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ அதுவே விடை. மூன்றுக்கு நான்கு புள்ளி என்றால் கையெடுக்காமல் ஒரே கோட்டில் முடியும். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு கோடு. மூன்றுக்கு மூன்று என்றால் மூன்று. பாடசாலையில் பொ.கா.பெ. காணச் சொல்லிக் கணக்குக் கொடுத்தபோது இதைக் காட்டியிருந்தால் அந்தப் பாடத்தை எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வெறுத்திருக்க மாட்டார்கள். நிரலை இணையத்தில் போட்டபோது எண்களை மாற்றிப் பார்க்க, திரையில் இழுத்து நகர்த்தும் இரண்டு வழுக்கிகளை வைத்தேன். அதை எடுத்த ஓர் ஆசிரியை தன் வகுப்புக்கு ஏற்றபடி நிறங்களைச் சேர்த்து, ஒவ்வொரு தனிக்கோடும் ஒவ்வொரு நிறத்தில் வரும்படி செய்து, திருத்திய கோப்பை எனக்குத் திருப்பி அனுப்பினார். அந்த நிறம் எனக்குத் தோன்றாத யோசனை. படத்தை மட்டும் போட்டிருந்தால் அவரிடமிருந்து ஒரு விருப்பக் குறி வந்திருக்கும், அவ்வளவே.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். அதில் நான் இன்னும் கேட்கப் பழகும் நிலையில்தான் இருக்கிறேன். முல்லைத்தீவுப் பக்கத்தின் கோவலன் கூத்தை எங்கள் ஊரில் சிறுவயதிலிருந்து கேட்கிறேன். ஒத்திகையின்போது அண்ணாவியாரிடம் கேட்டு மத்தளத்தை மட்டும் பதிந்து, ஓடாசிற்றி என்ற ஒலி மென்பொருளில் நிறமாலையாக விரித்துப் பார்த்தால், காதுக்கு ஒரே அடியாகக் கேட்டது தோலில் கை பட்ட கணமும் அதற்குப் பின்னால் எழும் நாதமுமாக இரண்டாகப் பிரிந்து நிற்கும். அடிகளைத் தனித்தனியே வெட்டி, எந்த அடி எந்தச் சொற்கட்டுக்கு உரியது என்று பெயரிட்டு வைக்கிறேன். அவற்றை வைத்து மின்னிசை போடலாமே என்று நண்பர்கள் சொல்வார்கள். போட்டும் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை. இயந்திரம் தாளத்தைத் துல்லியமாகப் பிடிக்கிறது. கூத்திலோ ஆடுகிறவர் சுற்றி வந்து சேர்வதற்காக மத்தளம் சற்றே காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு இல்லாத இசை என் ரசனைக்கு ஒத்துவரவில்லை.

இனி உரிமத்துக்கு வருகிறேன். எழுத்துருக்களைத் திறந்து பகிர்வதற்கென்றே எஸ்ஐஎல் நிறுவனத்தின் திறந்த எழுத்துரு உரிமம் இருக்கிறது; இன்று பெரிதும் புழங்கும் அதன் 1.1 பதிப்பு 2007 இல் வந்தது. அதன்படி எவரும் எழுத்துருவைப் பயன்படுத்தலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம். தனியே எழுத்துருவை மட்டும் விலைக்கு விற்கக் கூடாது. மாற்றியதையும் இதே உரிமத்தின் கீழேயே வெளியிட வேண்டும். என்னுடைய கோப்பை இதன்கீழ் போட எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதிலுள்ள கை என்னுடையதன்று. ஐயாவிடம் போய், இதை ஆரும் எடுக்கலாம் என்று போடட்டுமா என்று கேட்டேன். “நீர் காசு வாங்குவீரோ?” என்றார். இல்லை என்றேன். “அப்ப பிளெக்ஸ் அடிக்கிறவங்களும் எடுப்பாங்கள்.” எடுப்பார்கள் என்றேன். அதை நான் மறைக்க விரும்பவில்லை. அவருடைய தொழிலைக் குறைத்த பொருளின் மேலேயே அவருடைய எழுத்து அச்சாகும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் அவர் சம்மதிக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு, “என்னட்ட வராத ஆக்கள்தானே அங்க போறாங்கள். போறவன் வடிவான எழுத்தோட போகட்டும்” என்றார். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயிற் பொங்கலுக்குப் போகும் வழியெல்லாம் போடும் தாகசாந்தி நிலையங்களுக்கு எழுதுவதுதான் இப்போது அவருக்கு ஆண்டில் பெரிய வேலை. அதில் பாதியும் பிளெக்ஸுக்குப் போய்விட்டது. அவர் சொன்ன பதில் எனக்கு அனுமதியைத் தந்ததே தவிர நிம்மதியைத் தரவில்லை. இப்போதும் அந்தக் கணக்கு எனக்குள் தீரவில்லை.

எழுத்துருவைப் பகிர்ந்த பிறகு அது ஒரு பிளெக்ஸில் வந்தே விட்டது. பலகை நீளம், கடையின் பெயரோ சிறியது. வடிவமைத்தவர் எழுத்துகளை இரு பக்கமும் பிடித்து அகலவாக்கில் இழுத்து இடத்தை நிரப்பியிருந்தார். நிமிர்ந்த கோடெல்லாம் வீங்கி, படுத்த கோடெல்லாம் அப்படியே இருந்து, புள்ளியின் சாய்சதுரம் நசிந்து, எழுத்தின் முகமே மாறிப்போயிருந்தது. முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. உரிமத்தில் ‘இழுக்கக் கூடாது’ என்று ஒரு வரி இருந்தால் நன்றாயிருக்குமே என்றுகூட நினைத்தேன். படத்தை ஐயாவிடம் காட்டினேன். அவர் இழுத்தவர்மேல் கோபப்படவில்லை. “இடம் கூட, பேர் சின்னன். அவன் வேற என்ன செய்யிறது? நீர் ஒரு அளவுதானே குடுத்திருக்கிறீர்” என்றார். பிறகு ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில், நீளப் பலகைக்குத் தாம் எப்படி எழுதுவார் என்று எழுதிக் காட்டினார். அவருடைய அகலமான ‘ண’வில் சுழிகளுக்கு இடையிலுள்ள வெளிதான் கூடுகிறது, கோட்டின் தடிப்பு தூரிகையின் அகலத்துக்கு மேலே போவதேயில்லை. ‘ர’வை அவர் அகலமாக்குவதும் இல்லை, அதற்குப் பக்கத்திலுள்ள வெளியைத்தான் கூட்டுகிறார்.

2016 இல் ஓப்பன்டைப்பில் சேர்ந்த மாறும் எழுத்துரு வசதியின்படி, ஒடுங்கிய வடிவம் ஒன்றையும் அகன்ற வடிவம் ஒன்றையும் வரைந்து கொடுத்தால், இடையிலுள்ள எல்லா அகலங்களையும் மென்பொருளே கணித்துத் தரும்; பலகைக்கு ஏற்ற அளவில் வழுக்கியை நிறுத்தினால் போதும், எவரும் எதையும் இழுக்க வேண்டியதில்லை. அதற்கு இரண்டு வடிவங்களிலும் ஒவ்வோர் எழுத்துக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் ஒன்றாயிருக்க வேண்டும். குறைந்த புள்ளியில் கையால் வரைந்தது இப்போது கைகொடுக்கிறது. உயிரெழுத்துகளையும் மெய்களையும் முடித்துவிட்டேன். உகர, ஊகார வரிசையில் ‘கு’ குடும்பத்து ஆறும் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ‘ழு’வின் அடிச்சுழி அகலும்போது மேலே ஏறிவிடுகிறது என்று ஐயா சொல்கிறார், அடுத்த விடுமுறைக்குப் போகும்போது அதை அவர் கையால் எழுதி வாங்க வேண்டும். முடிந்தவரைக்குமான மூலக்கோப்பு வழக்கமான இடத்திலேயே இருக்கிறது. இழுக்கும் தேவை உள்ளவர்கள் அதை எடுத்துப் பார்த்து, எந்த அகலம் வரை போதும் என்று சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.